அண்டை நாடுகளின் சீரமைப்பும் நமது நல்வாழ்வும்

(தோட்ட மக்களிடையே ஆற்றப்பெற்ற உரை)



"அமைச்சர்கள் அயல்நாடுகளில் கூடிக் கையெழுத்திடுகிறார்கள், அதனால் பால்மரக் காட்டில் உழைக்கும் நமக்கு என்ன பயன்?" என்னும் வினா, நாம் செல்லும் தோட்டங்களில் எல்லாம் எழுகின்றது. அது நியாயமான வினாவே. அதற்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதலில் ஆசியான் தோன்றிய சூழலை எண்ணிப் பார்ப்போம். 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா நம் நாட்டின்மீது பகைமை பாராட்டியது. பிலிப்பீன்ஸ் சபாவுக்கு உரிமை கோரியது. 1965இல் சிங்கப்பூர் தனிநாடாகப் பிரிந்தது. இத்தகைய மனக்கசப்புகள் ஆறுமுன்னரே, 1967 ஆகஸ்ட் 8ஆம் நாள், தாய்லாந்தையும் சேர்த்து ஐந்து நாடுகள் பாங்காக்கில் கூடி ஆசியானை நிறுவின. மலேசியாவின் சார்பில் துன் அப்துல் ரசாக் கையெழுத்திட்டார். சிங்கப்பூரின் சார்பில் கையெழுத்திட்டவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ். இராசரத்தினம் என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

அண்டை வீட்டில் தீப்பற்றினால் நம் கூரையும் தப்பாது. வியட்நாம் போர் 1975இல் முடிந்தபின், அந்நாட்டினின்று மக்கள் படகுகளில் ஏறித் தப்பி வந்தனர். ஏறத்தாழ 2,50,000 பேர் நம் நாட்டில் கரையேறினர். அவர்களுள் பெரும்பாலோர் திரங்கானுவின் பீடோங் தீவு முகாமில் தங்கிச் சென்றனர். கம்போடியாவிலோ 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் கொடுங்கோலாட்சியில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் வியட்நாமியப் படை புகுந்தது. உள்நாட்டுப் போரும் நீடித்தது.

இத்தீயை அணைக்கப் பல நாடுகளின் கைகள் தேவைப்பட்டன. 1988இலும் 1989இலும் ஜகார்த்தாவில், பகைத்து நின்ற தரப்பினரை இந்தோனேசியா ஒரே இடத்தில் அமரச் செய்தது. 1991 அக்டோபர் 23ஆம் நாள் பாரிஸ் நகரில் அமைதி உடன்பாடு கையெழுத்தானது. ஐக்கிய நாடுகள் மன்றம் தற்காலிக ஆட்சிப்பொறுப்பில் பங்கேற்றது. மலேசியப் படைவீரர்களும் அப்பணியில் தொண்டாற்றினர். தாய்லாந்து எல்லை முகாம்களில் இருந்த 3,60,000க்கும் மேற்பட்ட அகதிகள் தாயகம் திரும்பினர். 1993 மே மாதத் தேர்தலில், பதிவு பெற்றோருள் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாக்களித்தனர். 1997இல் அங்கு மீண்டும் ஆயுத மோதல் மூண்டபோது, ஆசியான் அந்நாட்டின் உறுப்பியத்தைத் தள்ளி வைத்தது, 1999இல்தான் சேர்த்துக்கொண்டது. அங்கு மக்களாட்சி முழுமை பெற்றுவிட்டது என்று நாம் கூறவில்லை. எனினும் துப்பாக்கிகள் ஓய்ந்தன. உழவர் வயலுக்குத் திரும்பினர்.

பொருளாதாரத்துக்கு வருவோம். ரப்பர் விலை வீழ்ந்தால் முதலில் வாடுவது வெட்டுத் தொழிலாளரின் குடும்பமே. ஆகவேதான் 1979இல் அனைத்துலக இயற்கை ரப்பர் உடன்பாடு உருவாயிற்று. உற்பத்தி செய்யும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் அதில் இணைந்தன. விலை தாழ்ந்தபோது பொதுக்கையிருப்புக்கு ரப்பர் வாங்கப்பட்டது. விலை மிக உயர்ந்தபோது அது விற்கப்பட்டது. அதன் தலைமையகம் கோலாலம்பூரில் இயங்கியது. 1997ஆம் ஆண்டின் நாணய நெருக்கடிக்குப் பின் அவ்வேற்பாடு தளர்ந்து, 1999இல் முடிவுற்றது. ஆயினும் 2001இல் தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா ஆகிய மூன்று நாடுகளும் ரப்பருக்காக மீண்டும் கைகோத்தன. விலையை ஒரு நாடு தனித்துத் தாங்க இயலாது என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம்.

சமுதாயத் துறையில், 2007இல் செபு நகரில் ஆசியான் தலைவர்கள், புலம்பெயர்ந்த தொழிலாளரின் உரிமைகளைக் காக்கும் பிரகடனத்தை வெளியிட்டனர். 2022இல் நம் நாடு, கட்டாய உழைப்புக்கு எதிரான அனைத்துலகத் தொழில் அமைப்பின் நெறிமுறையை ஏற்றது. 2023 முதல் வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, வாராந்திர வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது.

இவ்வமைப்புகளுக்கு வரம்பு உண்டு என்பதையும் மறைக்கலாகாது. ஆசியான் முடிவுகள் அனைவரும் இணங்கி எடுப்பவை; இணங்காத அரசைப் பணிய வைக்கும் வலிமை அதற்கு இல்லை. 2021 பிப்ரவரியில் மியன்மாரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அவ்வாண்டு ஏப்ரலில் கண்ட ஐந்து அம்ச இணக்கம் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது. பொறுமை தேவை, விடாமுயற்சியும் தேவை. 2025 அக்டோபரில் கோலாலம்பூரில் திமோர் லெஸ்தே பதினோராவது உறுப்பு நாடாக இணைந்தது. பல்லாண்டுக் காத்திருப்பின் கனி அது.

உடன்பாடு எழுதுவது அரசுகளின் கடமை. அதனைத் தோட்டம்வரை கொண்டு வந்து சேர்ப்பதில் நமக்கும் பங்குண்டு. சம்பளச் சீட்டில் வேலை நேரமும் மிகைநேர ஊதியமும் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளனவா என்று ஒவ்வொரு மாதமும் பாருங்கள். ஐயம் தோன்றினால் தொழிற்சங்கத்தையோ அருகிலுள்ள தொழிலாளர் இலாகாவையோ அணுகுங்கள். உங்களோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் சட்டம் தரும் பாதுகாப்பை எடுத்துச் சொல்லுங்கள். அவர்களுடைய ஊதியம் சுரண்டப்படும் இடத்தில் நம்முடைய ஊதியமும் நிலைத்து நிற்காது.