தீப்பெட்டியில் ஒட்டிய சர்க்கார்

(வெம்பக்கோட்டையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு)

நேரம் குறைவு, அரசா சந்தையா என்ற வழக்கோ பழையது. நேரே அதற்கு வந்துவிடுகிறேன்.

முன்வரிசை நண்பர்களுக்கு வழக்கு தெரியும். பல கருத்தரங்குகளில் என்னோடு மல்லுக்கட்டியவர்கள். சர்க்கார் எட்டிப் பார்க்காததால் சிவகாசி வளர்ந்தது, லைசென்சும் வரியும் வந்து கெடுத்தன என்பது அவர்கள் கட்சி. ராஜாஜி 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யத்தைச் சாடினார். 1967-ல் சிவகாசி மக்களவைத் தொகுதியை அக்கட்சி வென்றது. அந்த ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு இந்த நண்பர்கள் இந்தக் கரிசல் காட்டையே தடையற்ற சந்தையின் கோயிலாக்கிவிட்டார்கள். சந்தைப் பொருளியலாளர் ஹயேக்கை மேற்கோள் காட்டுபவர்கள் இந்த ஊர்த் தீப்பெட்டியைத் திருப்பிப் பார்த்ததில்லை என்பதே என் புகார்.

பார்ப்போம். 1922-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரியைக் குரோசுக்கு ஒன்றரை ரூபாயாக உயர்த்தியது. கஜானாவை நிரப்பத்தான். ஆனால் அந்த வரிச் சுவருக்குள் இரண்டு கூட்டத்தார் புகுந்தார்கள். ஒரு பக்கம், கல்கத்தா போய்த் தொழில் கற்று 1923-ல் சிவகாசியில் தொடங்கிய அய்யநாடாரும் சண்முக நாடாரும். மறுபக்கம், அதே 1923-ல் விம்கோ என்ற பெயரில் இங்கு கால் பதித்த சுவீடன் தீப்பெட்டி நிறுவனம். அம்பர்நாத், கல்கத்தா, பரேலி, சென்னைத் திருவொற்றியூர் என்று எந்திர ஆலைகள் எழுந்தன.

அந்தச் சுவீடன் நிறுவனத்தின் தலைவர் ஐவார் குரூகர். இன்றைய கைப்பேசிக் கம்பெனிகளின் ஏகபோகத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இவரைப் படிக்க வேண்டும். முதல் உலகப் போருக்குப் பின் ஐரோப்பிய அரசுகளுக்குக் காசு இல்லை. குரூகர் கடன் கொடுத்தார். பதிலுக்கு அந்த நாட்டின் தீப்பெட்டி விற்பனையைத் தனியுரிமையாக எழுதி வாங்கினார். 1925-ல் போலந்து. 1929-ல் ஜெர்மனியோடு 12.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம். 1932 மார்ச்சில் அவர் பாரிசில் தற்கொலை செய்துகொண்டார், சாம்ராஜ்யம் சரிந்தது; ஆனாலும் ஜெர்மனியில் அந்தத் தனியுரிமை 1983 வரை நீடித்தது. முதலாளி செத்து அரை நூற்றாண்டு ஆகியும் சட்டம் சாகவில்லை. திறமையால் வென்ற ஏகபோகமா இது? அரசு முத்திரை குத்திக் கொடுத்தது.

இந்தியாவில் குரூகருக்கு அப்படி ஒரு பத்திரம் கிடைக்கவில்லை. ஆனால் எந்திரமும் பணமும் அவர் பக்கம். சிவகாசியும் சாத்தூரும் எப்படித் தப்பின? மலிவான உழைப்பு ஒரு காரணம், மறுக்கவில்லை. கட்டை அடுக்கியதும் பெட்டி ஒட்டியதும் பெண்களும் குழந்தைகளும். அந்தக் கணக்கை நம் பெருமைப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை. இன்னொரு காரணம், நண்பர்களுக்குக் கசப்பானது: உற்பத்தி வரி. 1934-ல் அது வந்தது. வரி கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டியில் பேண்ட்ரோல் என்ற வரித்தாளை ஒட்டினார்கள். விடுதலைக்குப் பின் எந்திர ஆலைக்குக் கூடுதல் வரி, கையால் செய்பவனுக்குக் குறைந்த வரி என்ற வித்தியாசம் உறுதிப்பட்டது. அந்தச் சில பைசா வித்தியாசத்தில்தான் விம்கோவின் எந்திரத்தோடு நம் கை போட்டி போட்டது. சலுகையைத் தக்கவைக்க ஒரே முதலாளி தன் ஆலையைப் பல பெயர்களில் துண்டு போட்டதும் நடந்தது. இதைச் சந்தையின் சாமர்த்தியம் என்பீர்களா, சட்டத்தின் விளைவு என்பீர்களா?

ஆகவே என் தீர்ப்பு இது. ஏகபோகத்தைக் கட்டியதும் அரசு, அதை எதிர்த்து நின்றவனுக்குக் குடை பிடித்ததும் அரசு. அரசு பெரிதா சந்தை பெரிதா என்று கேட்பது வீண். அரசின் கையெழுத்தை யார் வாங்கினார், யாருக்கு அது எட்டவில்லை என்று கேளுங்கள்.

இடதுசாரி நண்பர்கள் கைதட்ட வேண்டாம். பட்டாசு ஆலைகளின் வெடிபொருள் லைசென்சைப் பாருங்கள். உயிரைக் காக்க வந்த தாள், வாடகைக்கு விடும் சொத்தாகிவிட்டது. லைசென்ஸ் ஒருவர் பெயரில், அறையில் வேலை பார்ப்பவர் வேறொருவரிடம். இதற்குப் பெயர் உள்குத்தகை; இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். 2021 பிப்ரவரியில் அச்சன்குளம் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தபோதும் அந்தச் சொல்தான் அடிபட்டது.

மற்றவற்றை ஓட்டமாகச் சொல்கிறேன். 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தடுத்தது. இணைய வணிகத் தளங்களில் பட்டாசு விற்பதையும் தடுத்தது. சின்னக் கடைக்காரருக்கு இரண்டாவது தடை நன்மையா தீமையா என்று யாராவது ஆராய வேண்டும். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர் இறக்குமதி தடையானது. கேட்டு வாங்கியவர்கள் தீப்பெட்டிக்காரர்கள். சுதந்திர வணிகம் பேசும் நண்பர்கள் அன்று வாய் திறக்கவில்லை. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கைப்பேசிச் சந்தை ஆதிக்கத்துக்காகக் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்த வழக்கை விம்கோ வரலாற்றோடு வைத்துப் படிக்கலாம். ஒரு முனைவர் பட்டத்துக்கு அதில் விஷயம் உண்டு. பேண்ட்ரோல் காலத்து வரி அலுவலர்கள் பற்றியும் தனியாக எழுத வேண்டும். சாத்தூர், கோவில்பட்டி ஆலைகளை ஒப்பிட வேண்டும். நேரமில்லை.

இவற்றை எழுத ஆதாரம் வேண்டும்; வீட்டுப் பரணில் பழைய பேண்ட்ரோல் பதிவேடு, வரி ரசீது, கூலிக் கணக்கு நோட்டு இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அருகிலுள்ள கல்லூரி வரலாற்றுத் துறையில் கொடுத்து, கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.