கொளுந்தும் கொழுந்தும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வாசிப்பைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் எங்களைக் கேட்டார்கள். நல்ல நூல்களைப் பற்றிப் பேச இந்தச் சபையில் வேறு பலர் இருக்கிறார்கள். ஆரம்பப் பிரிவில் படிப்பித்தவர்களான நாங்கள் அதற்கு முந்திய படியைப் பற்றிச் சொல்கிறோம். எழுத்தைப் பார்த்த பிள்ளைக்கு அது எப்படிச் சொல்லாகிறது என்பதே அந்தப் படி.

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். கித்துல் என்பது மரம், கல என்பது பாறை, இரண்டும் சிங்களச் சொற்கள். சிங்களத்தில் அந்த மரத்தின் பெயரில் ஒரு தகரம்தான் உண்டு. தமிழில் நாம் இரண்டு போடுகிறோம். ஒன்றை மட்டும் போட்டால் 'அது', 'இது' என்பவற்றில் வருவதுபோல மெலிந்த ஒலியில் வாசித்துவிடுவோம் அல்லவா, அதற்காகத்தான். ஆனால் 'கல' என்பதற்கு அப்படி எதுவும் செய்யவில்லை. 'நல்கு' என்று சொல்லிப் பாருங்கள். லகர ஒற்றுக்குப் பின்னால் வரும் ககரம் தானாகவே மெலிகிறது, சிங்களத்தில் உள்ள ஒலியும் அதுவே. ஆகவே அங்கே திருத்தம் தேவைப்படவில்லை. இலக்கணம் தெரிந்த யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதிய பெயர் அல்ல இது. எழுதியவர்களின் காதே அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டது.

பக்கத்தில் எட்டியாந்தோட்டையைப் பாருங்கள். சிங்களத்தில் அதன் கடைசிப் பகுதிக்கு ஆற்றுத்துறை என்று பொருள். நம் காதுக்கு அது தோட்டமாகக் கேட்டது, எழுத்தும் அப்படியே போய்விட்டது. நம் ஆற்றங்கரையில் படமாக்கி 1957இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்துக்கும் இதே கதைதான். தாய்லாந்து மொழியில் 'குவே' என்றால் கிளையாறு, 'குவாய்' என்றால் எருமை. ஓர் உயிரொலி மாறியதில் ஆறு எருமையாகி உலகமெங்கும் புகழ் பெற்றுவிட்டது.

இதெல்லாம் வேடிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. தமிழில் ஒரு ககரத்தையே மூன்று நான்கு விதமாக ஒலிக்கிறோம். எந்த இடத்தில் எந்த ஒலி என்பதை எழுத்து நிற்கும் இடம் சொல்லிவிடுகிறது. ஆனால் 'பஸ்' என்று எழுதும்போது அந்த விதி உதவாது. விதிப்படி அதை 'பல்' என்பதில் உள்ள பகரமாகத்தான் ஒலிக்க வேண்டும். அப்படியிருந்தும் முதலாம் தரத்துப் பிள்ளை ஒன்றுகூட அதைத் தவறாக வாசிப்பதில்லை. எழுத்து பாதித் தகவலைத் தருகிறது, மீதியை ஏற்கெனவே காதில் இருக்கும் சொல் நிரப்புகிறது. எழுத்துக்கூட்டிப் பெறும் ஒலியும் காதில் இருக்கும் சொல்லும் சந்திக்கிற அந்தக் கணத்தில்தான் பிள்ளை வாசிக்கிறது.

அந்தச் சந்திப்பு சில தடவைகள் நடந்துவிட்டால் அச்சொல்லின் உருவம் மனதில் பதிந்துவிடும். பிறகு எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை, பார்த்தவுடன் தெரியும். டேவிட் ஷெயர் என்ற ஆய்வாளர் 1995இல் இதைப் பிள்ளை தனக்குத்தானே கற்பித்துக்கொள்வது என்று விளக்கினார். ஆசிரியர் ஒவ்வொரு சொல்லையும் கற்பித்து முடியாது. எழுத்துக்கூட்டி ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு முறையும் பிள்ளை தானே ஒரு பாடத்தை முடித்துக்கொள்கிறது.

எழுத்தும் ஒலியும் நெருங்கி நிற்கும் மொழிகளில் இது விரைவாக நடக்கிறது. பிலிப் சீமோரும் கூட்டாளிகளும் 13 ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதலாம் வகுப்பு முடிவில் பல மொழிகளில் பிள்ளைகள் பழக்கமான சொற்களில் 90 சதவீதத்துக்கு மேல் சரியாக வாசித்தார்கள். ஆங்கிலத்தில் வாசித்த ஸ்கொட்லாந்துப் பிள்ளைகள் வாசித்தது 34 சதவீதம். அவர்களுக்கு அறிவு குறைவு என்று யாரும் சொல்லவில்லை. அந்த மொழியின் எழுத்துக்கூட்டல் அப்படி.

தமிழ் எழுத்து ஒலியை நன்றாகவே பின்பற்றுகிறது. 247 எழுத்துகளையும் பழகுவது முதலில் சுமைதான், பழகிவிட்டால் எதையும் உரக்கச் சொல்லிவிடலாம். அப்படியானால் நம் தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் தடுமாறுகிறார்கள்? புத்தகத்தில் உள்ள தமிழ் வேறு, லயத்தில் பேசும் தமிழ் வேறு.

'கொழுந்து' என்ற சொல்லை எடுப்போம். இந்தச் சபையில் பாதிப் பேர் அந்தச் சொல்லால் வளர்ந்தவர்கள். அம்மா அதிகாலையில் படங்கைக் கட்டிக்கொண்டு போனது அதற்காகத்தான். ஆனால் நாம் கேட்டது 'கொளுந்து'. மழை 'மள', இலை 'எல', காற்று 'காத்து', உடம்பு 'ஒடம்பு'. பிள்ளை 'கா-ற்-று' என்று எழுத்துக்கூட்டுகிறது. வரும் ஒலிக்குச் சமமான சொல் அதன் காதில் இல்லை. "அது நம்ம காத்துதான்" என்று யாராவது அருகில் இருந்து சொல்லிவிட்டால் ஒரு நொடியில் வேலை முடிந்துவிடும். "காத்து என்று சொல்லாதே, அது பிழை" என்று சொல்லிவிட்டால் பிள்ளை ஏறி வரவேண்டிய பாலத்தை நாமே வெட்டிவிடுகிறோம்.

சொல்வதெழுதலில் வரும் பிழைகளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 'மளை' என்று எழுதும் பிள்ளை ஒழுங்காகக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறது, கேட்டதை ஒழுங்காக எழுதியும் இருக்கிறது. ழகரத்தைப் பேச்சில் கேளாத பிள்ளைக்கு அது காது வழியாக வராது. கண் வழியாகத்தான் வரும். ஆகவே அந்தப் பிள்ளைக்கு இன்னும் பத்துச் சொல்வதெழுதல் வைப்பதில் பயனில்லை. மழை என்ற சொல் வரும் கதைகள் பத்தைக் கையில் கொடுங்கள். எழுத்தை விட்டுவிட்டு எழுதுவது வேறு வகைப் பிழை, அதற்கு வேறு வைத்தியம். இரண்டுக்கும் ஒரே சிவப்புக் கோடு போடுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

சிங்களப் பாடசாலை ஆசிரியைகளிடம் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கும் இதே தலைவலி. இரண்டு நகரமும் இரண்டு லகரமும் எழுத்தில் உண்டு, இன்றைய பேச்சில் வேறுபாடு இல்லை. 'நண லள பேதம்' என்று தனியாகவே அதைப் படிப்பிக்கிறார்கள். சப்ரகமுவவில் நம் பிள்ளைகளைச் சுற்றிச் சிங்களமே பேசப்படுகிறது. கடையிலும் பஸ்ஸிலும் அதைக் கேட்டு வளரும் காதில் நம் லகர ளகர வேறுபாடும் மங்கத்தான் செய்யும்.

சொற்களிலும் ஒரு குறை இருக்கிறது. இஸ்தோப்பு, பெரட்டு, படங்கு என்ற சொற்களைப் பிள்ளை பிறந்ததிலிருந்தே கேட்கிறது, அச்சில் காண்பதில்லை. அச்சில் காணும் விறாந்தையும் திண்ணையும் அதன் வீட்டில் இல்லை. ஓர் அறிந்த சொல்லை எழுத்தில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கும் சந்தோஷம் இந்தப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடக் குறைவாகவே கிடைக்கிறது.

எழுத்து காதையும் மாற்றுகிறது. போர்த்துகலில் எழுதப்படிக்கத் தெரியாத பெரியவர்களிடம் ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்கிச் சொல்லும்படி கேட்டார்கள். பெரும்பாலோரால் முடியவில்லை. பெரியவர்களான பின் படிக்கக் கற்றவர்களோ அதைச் செய்தார்கள். மொராயிஸ் குழுவினர் 1979இல் வெளியிட்ட ஆய்வு இது. சொல்லுக்குள் தனித்தனி ஒலிகள் இருப்பதை எழுத்துதான் நமக்குக் காட்டுகிறது. கொழுந்து என்று எழுதப் பழகிய பின் நாமும் அதை ழகரமாகவே கேட்டதாக நினைத்துக்கொள்கிறோம். வீட்டில் அம்மா சொன்னது கொளுந்துதான்.

கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் சகோதரிகளே, உங்கள் வீட்டில் இது தலைகீழாக நடக்கிறது. வார இறுதித் தமிழ் வகுப்பில் பேரப்பிள்ளை எழுத்துகளைப் பழகிவிட்டது, 'கொ-ழு-ந்-து' என்று அழகாக வாசிக்கிறது. வாசித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறது. அதன் காதில் அந்தச் சொல்லே இல்லை. இங்குள்ள பிள்ளையிடம் சொல் இருக்கிறது, எழுத்துதான் தள்ளி நிற்கிறது. அங்குள்ள பிள்ளையிடம் எழுத்து இருக்கிறது, சொல் இல்லை. அந்தப் பிள்ளைக்கு இன்னொரு பயிற்சிப் புத்தகம் வாங்குவதைவிட, சமைக்கும்போது அதனோடு தமிழில் பேசுவது வாசிப்புக்கு அதிகம் உதவும்.

பெயர்களையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இதில் பலர் பணமும் நாளும் இழந்திருக்கிறார்கள். பழனியம்மா என்று வீட்டார் சொன்ன பெயர் பதிவில் சிங்களத்தில் ஏறுகிறது. சிங்களத்தில் ழகரம் இல்லை. அங்கிருந்து ஆங்கிலத்துக்கும், மீண்டும் தமிழுக்கும் வரும்போது அவள் 'பலனியம்மா' ஆகிவிடுகிறாள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் இன்னொன்று, அடையாள அட்டையில் மூன்றாவது. சேமலாபப் பணம் எடுக்கப் போகும் நாளில், இந்த மூவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருக்கிறது. பேரப்பிள்ளைக்குப் பெயர் பதியும்போது மூன்று மொழியிலும் எழுதிய துண்டைக் கையில் கொண்டு போங்கள், வாயால் மட்டும் சொல்லாதீர்கள்.

சங்கத்திடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். முதலாம், இரண்டாம் தரப் பிள்ளைகளுக்காகச் சின்ன வாசிப்புப் புத்தகங்கள் வேண்டும். லயமும் இஸ்தோப்பும் பெரட்டும் அவற்றில் வரவேண்டும், கதை நம் மலையில் நடக்க வேண்டும், பாத்திரங்கள் வாய் திறக்கும்போது 'காத்து' என்றும் கதை சொல்பவர் 'காற்று' என்றும் சொல்லவேண்டும். எழுத ஆள் இருக்கிறோம். படம் வரையத் தெரிந்தவர்களும் அச்சுச் செலவில் பங்கெடுக்கக் கூடியவர்களும் மதிய உணவுக்கு முன்னர் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.