துப்பாக்கிக் கம்பெனியிடம் தேதி கேளுங்கள்



அமெரிக்காவில் நிஜம்போலத் தோன்றும் பொம்மைத் துப்பாக்கி விற்க வேண்டுமானால், அதன் குழல் முனையில் ஆரஞ்சு நிறமோ அதுபோன்ற வேறு அடையாளமோ இருந்தாக வேண்டும். சட்டம் அப்படி. ஆனால் உண்மைத் துப்பாக்கியின் அமைப்பில் கோளாறு இருக்கிறதா என்று கேட்க, அந்த நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரமே கிடையாது. 1972இல் ஆணையத்துக்குச் சட்டம் எழுதியபோதே துப்பாக்கியை விலக்கி வைத்துவிட்டார்கள். 1974இல் சிகாகோவிலிருந்து ஒரு குழு, கைத்துப்பாக்கித் தோட்டாக்களை அபாயப் பொருளாக அறிவித்துத் தடை செய்யுங்கள் என்று மனுக் கொடுத்தது. 1976இல் நாடாளுமன்றம் தோட்டாவுக்கும் விலக்குக் கொடுத்து அந்த வழியையும் அடைத்தது. ஒருவன் துப்பாக்கியால் குற்றம் செய்தால், அதற்காகத் தயாரித்தவர்மீது வழக்குப் போடுவதைப் பெரும்பாலும் தடுக்கும் சட்டம் 2005இல் வந்தது.

கைத்துப்பாக்கியைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். தோட்டாக்கள் அடுக்கிய மேகசின் கைப்பிடிக்குள் இருக்கிறது. அதைக் கழற்றி எடுத்தவுடன் துப்பாக்கி காலி என்றுதான் தோன்றும். ஆனால் குழலின் அடியறைக்குள் முன்பே ஏறிவிட்ட ஒரு தோட்டா அங்கேயே இருக்கலாம். பல துப்பாக்கிகளில் விசையை அழுத்தினால் அது வெடிக்கும். மேகசினைக் கழற்றிவிட்டோமே என்ற தைரியத்தில் ஒரு பிள்ளை சிநேகிதனை நோக்கி விளையாட்டாக விசையை இழுத்தால் என்ன ஆகும்? இதற்கு மாற்று உண்டு. அடியறையில் தோட்டா இருப்பதைக் காட்டும் அடையாளம் ஒன்று. மேகசின் இல்லாவிட்டால் சுடவிடாத பூட்டு ஒன்று. இதில் புதுமை ஒன்றும் இல்லை. 1935இல் வந்த பிரவுனிங் கைத்துப்பாக்கியிலேயே அந்தப் பூட்டு இருந்தது. கலிபோர்னியா மாநிலம் 2007 முதல், புதிதாக அனுமதி கேட்கும் பிஸ்டல் வகைகளில் இரண்டும் வேண்டும் என்றது. மற்ற பெரும்பாலான மாநிலங்களில் செய்தால் உண்டு, செய்யாவிட்டால் கேள்வி இல்லை.

நண்பர்களே, நல்லது செய்ய முன்வந்த கம்பெனியின் கதையையும் கேளுங்கள். 2000இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், கிளிண்டன் அரசோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. துப்பாக்கிக்குப் பூட்டு வைக்கிறோம், உரியவர் கையில் மட்டும் இயங்கும் துப்பாக்கிக்கு ஆராய்ச்சி செய்கிறோம் என்று எழுதிக் கொடுத்தது. துப்பாக்கி ஆர்வலர்கள் கொதித்தார்கள். அந்தக் கம்பெனிச் சரக்கைப் புறக்கணித்தார்கள். விற்பனை சரிந்தது. அதன் உடைமையாளரான பிரிட்டிஷ் நிறுவனம் டாம்கின்ஸ், 1987இல் 11 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியதை, 2001இல் ஒன்றரைக் கோடி டாலருக்கு விற்றுவிட்டுப் போனது. வாடிக்கையாளர் புறக்கணிப்பார்களோ என்ற அச்சம் இன்றும் அந்தத் தொழிலை ஆள்கிறது என்பது என் கணிப்பு.

ஆணையம் இல்லை, வழக்குக்கும் வழி குறைவு, வாடிக்கையாளர் எதிர்ப்பக்கம். இந்த நிலையில்தான் கன்னியாஸ்திரிகள் வந்தார்கள். ஏட்ரியன் டொமினிக்கன் சபையைச் சேர்ந்த அருட்சகோதரி ஜூடி பைரனும் அவரோடு நின்ற கத்தோலிக்க அமைப்புகளும் துப்பாக்கிக் கம்பெனிகளின் பங்குகளை வாங்கினார்கள், தீர்மானம் கொண்டுவரும் உரிமைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. அவர்களில் மருத்துவமனை நடத்துகிற அமைப்பும் இருந்தது. குண்டடிபட்டு வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

2018 பிப்ரவரியில் அமெரிக்காவின் பார்க்லண்ட் நகரப் பள்ளி ஒன்றில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். மே மாதம் ஸ்டர்ம் ரூகர் துப்பாக்கிக் கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்தில் அந்தக் கத்தோலிக்கத் தரப்பின் தீர்மானம் வந்தது: பாதுகாப்பான துப்பாக்கிக்கு என்ன செய்கிறீர்கள், வன்முறையால் கம்பெனியின் பெயருக்கும் பணத்துக்கும் என்ன ஆபத்து, அறிக்கை கொடுங்கள். நிர்வாகம் எதிர்த்தது, தீர்மானம் நிறைவேறியது. மிகப் பெரிய பங்குதாரரான பிளாக்ராக் முதலீட்டு நிறுவனம் ஆதரித்து வாக்களித்தது. அது நடத்துவதுபோன்ற, சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் நிதியம் பிடிக்காத பங்கை நினைத்தபோது விற்க முடியாது. அதனால் உள்ளே இருந்து கேட்பதைத் தவிர வழியில்லை. செப்டம்பரில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் தாய்க் கம்பெனியிலும் அதேபோன்ற தீர்மானம் வென்றது.

2019 பிப்ரவரியில் அறிக்கைகள் வந்தன. உரியவர் கைக்கு மட்டும் இயங்கும் துப்பாக்கி இன்னும் நம்பத்தக்கதல்ல, எங்கள் வாடிக்கையாளரும் கேட்கவில்லை என்ற போக்கில் இருந்தது பதில். எனக்கு அதில் கோபம் உண்டு. ஆனால் குறை கம்பெனியிடம் மட்டுமில்லை. அறிக்கை கேட்டார்கள், அறிக்கை கிடைத்தது. பங்கை விற்றுவிட்டு வெளியேறுங்கள் என்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. விற்ற பங்கை வாங்குகிறவர் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்.

ஆகவே ஓய்வூதிய நிதியங்களுக்கும் பெரிய முதலீட்டு நிறுவனங்களுக்கும் இந்த மேடையிலிருந்து நான் சொல்வது: இனி அறிக்கை கேட்காதீர்கள். நீங்கள் விற்கும் பிஸ்டல்களில் எந்தெந்த மாடலில் அடியறைத் தோட்டாவைக் காட்டும் அடையாளம் இருக்கிறது, எதில் இல்லை? மேகசினைக் கழற்றினால் சுடாத பூட்டு எதில் இருக்கிறது? இல்லாத மாடல்களுக்கு எந்த ஆண்டுக்குள் வரும்? பட்டியலும் தேதியும் கேளுங்கள். தர மறுக்கும் இயக்குநர், மறுநியமனத்துக்கு உங்கள் முன்னால் வரும்போது, அவருக்கு எதிராக வாக்களியுங்கள்.