மரபு நடை: எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படித் தேர்ந்தெடுப்பது?

(சங்கத்தின் ஜூலை மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆகஸ்ட் 22 சென்னை தினம். அதையொட்டி நகரின் பல பகுதிகளில் மரபு நடைகள் நடக்கும். நம் குடியிருப்பிலிருந்தும் ஒரு குழுவாகப் போகலாம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. எந்த நடை என்பதை இன்று நாம் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

"மூன்று மணி நேரத்தில் பதினைந்து இடங்கள்" என்று விளம்பரம் வந்தால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் இடத்துக்குப் பன்னிரண்டு நிமிடம். நடக்கும் நேரமும் அதிலேயே அடக்கம். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்று தெரிந்ததும் நம் பெரியவர்கள், "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டுல இருக்கேன்" என்று சொல்லிவிடுவார்கள். 1953-ல் நின்றுபோன டிராம் வண்டியை நேரில் பார்த்தவர்கள் அவர்கள். அவர்களை வீட்டில் விட்டுவிட்டு நாம் போய் என்ன மரபைப் பார்க்கப் போகிறோம்? ஆகவே, நம்மில் மிக மெதுவாக நடப்பவர் கடைசிவரை வர முடிகிற நடையே நமக்கு ஏற்ற நடை.

நம் முன் மூன்று பகுதிகள் இருக்கின்றன.

முதலாவது, புனித ஜார்ஜ் கோட்டை. 1680-ல் அர்ப்பணிக்கப்பட்ட புனித மேரி தேவாலயம் அங்கே இருக்கிறது. ராபர்ட் கிளைவின் திருமணம் 1753-ல் நடந்தது அங்கேதான். பாதை பெரும்பாலும் சமதளம். ஆனால் தலைமைச் செயலகமும் ராணுவமும் இருக்கும் வளாகம் என்பதால் சோதனை உண்டு. அடையாள அட்டை அவசியம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

இரண்டாவது, ஜார்ஜ் டவுன். அரண்மனைக்காரன் தெருவும், 1772-ல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயமும், 1892-ல் திறந்த உயர்நீதிமன்றக் கட்டடமும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் வேலை நாட்களில் தள்ளுவண்டிக்கும் மீன்பாடி வண்டிக்கும் நடுவே நடப்பது பெரியவர்களுக்குச் சிரமம். போவதானால் ஞாயிறு அதிகாலைதான்.

மூன்றாவது, மயிலாப்பூர். கபாலீஸ்வரர் கோயில், தெப்பக்குளம், நான்கு மாட வீதிகள். தூரம் குறைவு. கால் வலித்தால் உட்கார இடம் உண்டு, முடித்ததும் டிபன் சாப்பிடவும் வசதி உண்டு. கோயில் நண்பகலில் நடை சாத்திவிடுவதால் காலையிலேயே முடிக்க வேண்டும். பிற மதத்தைச் சேர்ந்த நம் குடும்பங்கள் கருவறைப் பகுதிக்குள் போக முடியாது என்பதால், வெளிப்பிராகாரத்திலேயே எல்லோரும் சேர்ந்து நின்று விளக்கம் கேட்கும்படி முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

அடுத்து, வழிகாட்டி. அவரிடம் பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று, ஒரு குழுவில் எத்தனை பேர்? இருபதைத் தாண்டினால் பின்னால் நிற்பவருக்கு எதுவும் காதில் விழாது. இரண்டு, வழியில் கழிப்பறை எங்கே? இதற்கு உடனே பதில் சொல்பவர் அந்தப் பாதையில் உண்மையிலேயே நடந்தவர். மூன்று, கட்டணம் தலைக்கா, குழுவுக்கா. மழை பெய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா? "இலவச நடை" என்றால் கடைசியில் அன்பளிப்பு எதிர்பார்ப்பார்கள். அதையும் முதலிலேயே பேசிவிடுவது இரு தரப்புக்கும் மரியாதை.

நான்காவது கேள்விதான் முக்கியம்: "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" லஸ் தேவாலயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் மக்கள் அதைக் காட்டுக் கோயில் என்பார்கள். கடலில் தவித்த மாலுமிகளுக்கு ஓர் ஒளி வழிகாட்டியதாக ஒரு கதை உண்டு. அந்தக் கதையை ரசித்துச் சொல்லிவிட்டு, "இது வழிவழியாகச் சொல்லப்படுவது, இன்னது கல்வெட்டில் இருப்பது" என்று பிரித்துக் காட்டுபவர் நல்ல வழிகாட்டி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி அடிப்பவரிடம் நம் பிள்ளைகளை ஒப்படைக்க வேண்டாம்.

என் பரிந்துரை: இந்த ஆண்டு மயிலாப்பூர். காலை ஆறரைக்குத் தொடக்கம், இரண்டு மணி நேரம், நான்கைந்து இடங்கள், இரண்டு குழுக்கள். ஒவ்வோர் இடத்திலும் வழிகாட்டி பேசி முடித்ததும், நம் பெரியவர் ஒருவர் தான் பார்த்த பழைய மயிலாப்பூரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசட்டும். ஜார்ஜ் டவுனை மார்கழிக் குளிரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சக்கர நாற்காலி தேவைப்படுபவர்கள் தயங்காமல் பெயர் கொடுங்கள். அதற்கு ஏற்றபடி பாதையை அமைத்துக்கொள்வோம்.