என்புக்கு உரமூட்டும் எளிய உணவு

மனித உடலிலுள்ள கல்சியத்தில் 99 சதவீதம் என்பிலும் பல்லிலும் உறைந்திருக்கின்றது. எஞ்சிய சிறு பங்கே குருதியிலும் தசையிலும் நின்று, இருதயம் சுருங்கி விரிவதற்குத் துணைபுரிகின்றது. அச்சிறு பங்கு குறைவதை உடல் பொறுப்பதில்லை. உணவிலே கிடையாதவிடத்து என்பைக் கரைத்தேனும் அதனை நிரப்பிக்கொள்ளும். என்பின் சேமிப்பு 30 வயதளவில் நிறைவெய்துகின்றது. பின்னர் நிகழ்வது செலவே. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் அச்செலவு விரைவுறும். மூதாட்டியொருத்தி முற்றத்திலே சறுக்கி விழுந்து இடுப்பென்பு முறிந்து கிடப்பாளாயின், அதற்குரிய காரணத்தை அவள் பதினைந்து வயதில் உண்ட உணவிலும் தேடவேண்டும்.

வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1000 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். தீட்டிய அரிசி 100 கிராமில் இருப்பதோ 10 மில்லிகிராம் அளவே. அதே அளவு பசும்பாலில் 120 வரை உண்டு. நாள்தோறும் பால் வாங்க இயலாத குடும்பத்தார் யாது செய்வர் என நேயர்கள் வினவலாம். நியாயமான வினாவே.

குரக்கன் 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் உண்டு. வறியவர் உணவென்று ஒதுக்கப்பட்ட அதனை இன்று நீரிழிவாளர் தேடி வாங்குகின்றனர். வளரும் பிள்ளைகளின் தட்டுக்கு மட்டும் அது வந்தபாடில்லை! குரக்கனை ஊறவைத்து முளைகட்டி, உலர்த்தி அரைத்தால், கல்சியத்தைப் பிணித்துவைக்கும் பொருள் குறைந்து, உடல் அதனை எளிதில் ஏற்கும். பிட்டாகவோ கூழாகவோ கொடுக்கலாம்.

அடுத்தது நெத்தலி. இதன் சிறப்பெல்லாம் முள்ளிலேயே இருக்கின்றது. முள்ளை எறிந்துவிட்டுச் சதையை மட்டும் உண்பவர் புரதத்தைப் பெறுகின்றார். கல்சியத்தைப் பூனைக்கு ஈகின்றார். முள் சிக்குமென்று அஞ்சுவோர் கருவாட்டை வறுத்து, நன்றாக இடித்துத் தூளாக்கிச் சம்பலிற் சேர்க்கலாம். முதலில் நீரில் ஊறவைத்து உப்பைக் கழுவிவிடுதல் வேண்டும். மிகுந்த உப்பு, கல்சியத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றும்.

கீரைகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. பசளியிலுள்ள ஒட்சாலிக் அமிலம் கல்சியத்தைப் பெரிதும் தடுத்துவிடும். வேலியோரத்து முருங்கையிலையே மேலானது. அதனை வறையாக்கி இறக்கியபின் சிறிது தேசிப்புளி விட்டால் இரும்புச் சத்தும் நன்கு சேரும். உணவோடு தேநீர் பருகினால் அவ்விரும்புச் சத்து வீணாகும். ஒரு மணி நேரங் கழித்துப் பருகுதல் நன்று.