உயிர் பேணும் முதுமை

 

பிள்ளைகள் வேலைக்குச் சென்றபின் தனித்திருக்கும் முதியவர், அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் புறாக்களுக்குச் சோறு இடுகிறார். அவருக்கு அவையே பேச்சுத்துணை. ஆயினும், சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு முதல் எல்லாக் காட்டுயிர்களுக்கும் உணவிடுதல் தடைசெய்யப்பட்டுள்ளது. புறாவும் அதில் அடங்கும். இட்ட உணவால் புறாக்கள் அளவின்றிப் பெருகும். குரங்குகள் குடியிருப்பை நாடிவரும்.

முதியவரைக் கடிந்துகொண்டால் மட்டும் போதுமா? அவ்வன்புக்கு வேறு வழி காட்டுதல் இல்லத்தார் கடமை. பல்லாண்டுகளாகக் காணாமற்போயிருந்த இருவாய்ச்சிப் பறவை, 1994இல் புலாவ் உபின் தீவில் மீண்டும் தென்பட்டது. கூடுபெட்டிகள் வைத்துக் காத்தமையால் இன்று குடியிருப்புகளிலும் பறக்கிறது. அடைகாக்கும் பெடைக்கு ஆண்பறவை கனி கொணர்வதைத் தொலைவில் நின்று காண்பதும், தேசியப் பூங்காக் கழகத்தின் கணக்கெடுப்பில் பறவைகளை எண்ணித் தருவதும் முதியோர்க்கு ஏற்ற தொண்டாகும். பேரப்பிள்ளைகளும் உடன்செல்வார்களாயின், அவர் நாடிய பேச்சுத்துணையும் கிட்டும்.

எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!