48 மணி நேரத்துக்குப் பிறகு

இன்று பட்டம் பெறும் இயன்முறை மருத்துவர்களே!

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அப்படிக் காப்பாற்றப்பட்டவர்களில் தலைக்காயம் பட்டவர்களின் பிந்தைய ஆண்டுகளை உங்களிடம் ஒப்படைக்கவே வந்திருக்கிறேன்.

தையல் பிரித்ததும் 'பிழைத்துக்கொண்டான்' என்று ஊர் நிம்மதி அடைகிறது. மூளைக்காயமோ பல ஆண்டுகள் உடம்பை விடுவதில்லை. கைகால் விறைத்து முறுக்கிக்கொள்ளும். முழங்கையிலும் இடுப்பிலும் மூட்டைச் சுற்றி வேண்டாத எலும்பு வளரக்கூடும். விபத்து நடந்து ஆண்டுகள் கழித்தும் முதல் வலிப்பு வரலாம். குடிக்கும் தண்ணீர் நுரையீரலுக்குள் போகலாம். மோப்பம் இழந்தவருக்குச் சமையலறையில் கேஸ் கசிந்தாலும் தெரியாது.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் பழி சுமப்பது சோர்வு. குளித்துச் சட்டை மாட்டுவதற்குள் களைத்துப் படுத்துவிடுகிறவரை, 'சோம்பேறியாகிவிட்டான்' என்று வீட்டாரே சொல்கிறார்கள். பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டாலும் இந்தச் சோர்வு வரும்; ரத்தப் பரிசோதனையில் கண்டறிந்து மருந்து கொடுக்கலாம். அதற்கு யாராவது சந்தேகப்பட வேண்டும். மருத்துவர் சில நிமிடங்கள் பார்க்கிறார். நீங்கள்தான் வாரக்கணக்கில் உடனிருக்கிறீர்கள். அந்தச் சந்தேகம் உங்களுக்கு வரட்டும்.

சந்தேகம் மட்டும் போதாது, பிடிவாதமும் வேண்டும். வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் மருத்துவர் மேரி வர்கீஸுக்கு 1954இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டுக் கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவானதற்கு அவரே காரணம். அவருடைய காயம் வேறு. ஆனால், அடிபட்டவர் மீண்டும் தம் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்ற அவருடைய பிடிவாதம் உங்களுக்கும் வேண்டும்.

அதனால் முதல் நாளே கேளுங்கள்: 'என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள்?' தறியில் உட்கார வேண்டும் என்பார் ஒருவர். பேரனைத் தூக்க வேண்டும் என்பார் இன்னொருவர். பயிற்சியை அதிலிருந்து தொடங்குங்கள். படுக்கையில் திருப்பிப் போடவும், நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டவும் குடும்பத்துக்குக் கற்றுக்கொடுங்கள். முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாகும், ஆனால் நின்றுவிட வேண்டியதில்லை. 'இனி இவ்வளவுதான்' என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியாக இயன்முறை சிகிச்சை இன்று வீட்டு வாசல் வரை போகிறது. அந்த வாசலில் நிற்கப்போகிறவர்கள் நீங்கள். உயிரைக் காத்தவர்களின் உழைப்பு வீணாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.